தூளிக்குள் தெரியாத முகம்

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் இருந்தாள். குழந்தையைப் பாயில், தன் கண்ணெதிரே கிடத்தியிருப்பாள்.

மூடிய இமைக்குள் விழி உருண்டு, மூச்சு சீரில்லாமல் ஓடினால் அது அரைத்தூக்கம். உதடு சிரிக்கும், உடனே கோணும். பார்க்க வந்தவர்கள் "கனவுல நரி வெரட்டுது" என்று தூக்கப் போவார்கள். அவள் தடுத்துவிடுவாள். தொட்டால் விழித்துக்கொள்வான், விட்டால் அடங்கிவிடுவான். மூச்சு சீராகி, தூக்கிப் பார்த்த கை தொப்பென்று விழுந்தால் அயர்ந்த தூக்கம். அவள் சாப்பிடப் போவது அப்போதுதான். பசி வந்தால் தலை பக்கவாட்டில் தேடும், விரல்கள் வாய்க்குப் போகும். அழுகை அதற்கும் பிறகுதான் வரும். அதற்குள் அவன் அவள் மடியில் இருப்பான்.

ஒரத்தநாட்டிலிருந்து அழைத்துப்போக வந்த அவள் மாமியார் என்னிடம் சொன்னார்: "ராத்திரியில புள்ள வீறிட்டா இவளுக்கு எப்படிம்மா தெரியும்? எங்கிட்டயே படுக்கட்டும்."

"அழுவுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிருவா அத்தை. அவன் வயித்து மேல கைய வச்சிக்கிட்டுத்தான் தூங்குவா."

"கை அசந்து போவாதா? பேப்பர்ல எழுதுற பொண்ணு, நீயே சொல்லு."

ஒருநாளும் அசராது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தங்கை எங்கள் உதடுகளை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் ஒரத்தநாட்டுக்குப் போனேன். கூடத்துக் கொக்கியில் பழைய புடவையில் தூளி கட்டி, அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்பில் குறை சொல்ல முடியாது. மடித்த துணிகள் வெள்ளையாக இருந்தன, குழந்தை எடை போட்டிருந்தான். ஆனால் தூளி இருபுறமும் மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பவன் முகம் தெரியாது, குரல்தான் வெளியே வரும்.

துணியில் ஒரு முட்டி புடைத்தது. தங்கை எழுந்தாள்.

"தூங்குறான்டி, உக்காரு. இன்னும் சத்தமே காணோம்" என்று அத்தை கையமர்த்தினார்.

அவள் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் குழந்தை வீறிட்டான். "பாத்தியா, இப்பத்தான் முழிக்கிறான்" என்று அத்தை அவனைத் தூக்கித் தங்கையிடம் கொடுத்தார். அழுத வேகத்தில் அவனால் மார்பைப் பற்ற முடியவில்லை. முகம் சிவந்து, விக்கி, வெகுநேரம் கழித்தே குடித்தான்.

அவன் தூங்கியதும் அத்தை கைகளை நீட்டினார். தங்கை கொடுத்தாள். தூளி ஆடத் தொடங்கியது. அதுவரை என்னிடம் ஒருமுறையும் கேட்டிராததை அவள் சைகையில் கேட்டாள்: "அழுகிறானா?"

இல்லை என்று தலையசைத்தேன்.