மச்சானின் மரியாதை

படகுக்காரன் பேச ஆரம்பித்ததும் அசெனதா கண்ணை மூடிக்கொள்வாள். கண் திறந்திருந்தால் காது மந்தமாகிவிடுமாம். எங்கள் தீவின் லெவுகா துறைமுகத்து வானொலி அறையில், கடலிலிருந்து வரும் குரல்களுக்கெல்லாம் பதில் சொல்வது அவள் வேலை. ஒரு மாலுமி வணக்கம் சொன்னதை வைத்தே, அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி, அதுவும் இடப்பக்கம் என்று அவள் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். கரையேறியவன் வலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். பயணத்தில் வலி இடம் மாறியிருக்கும்.

வெள்ளைக்காரக் குரல் மட்டும் அவளுக்குப் பிடிபடாது. அதற்கு டேரன் இருக்கிறான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே பெண் கட்டியவன். "எங்காளு 'கொஞ்சம் சிரமம்'னு சொன்னா, படகு பாதி முழுகிடுச்சுன்னு வச்சுக்க" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

அவளுடைய அத்தை மகன் சக்கியாசி கொப்பரைத் தேங்காய் ஏற்றும் படகு ஓட்டுகிறான். முறைப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் எங்கள் தீவில் பேச்சே தொடங்காது. அவன் அவளைக் கூப்பிடுவதே "கிழங்கு மூஞ்சி" என்றுதான்.

போன மாதம் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த சக்கியாசியின் குரல் கேட்டது. "அசெனதா, சௌக்கியமா? மாமா நல்லா இருக்காரா? நாங்க கொஞ்சம் மெதுவா வர்றோம்."

அப்படியொரு நிதானம். டேரன் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தான். அசெனதாவின் முகம் செத்துவிட்டது.

"மரியாதையா பேசுறான், டேரன். படகுல தண்ணி ஏறுது."

பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதென்று அவன் மறைக்கிறான். ஆகவே அவளும் நேராகக் கேட்கவில்லை. மாமா தோட்டத்தில் இருக்கிறார் என்று அதே பணிவோடு சொல்லி, இப்போது எந்தத் தீவு கண்ணில் படுகிறது என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். அவன் சொல்லி முடிப்பதற்குள் டேரன் மீட்புப் படகை அனுப்பியிருந்தான்.

வெகுநேரம் கழித்து, எல்லாரும் பத்திரம், பிள்ளைகளும் பத்திரம் என்று மீட்புப் படகிலிருந்து சொன்னார்கள். அவள் நம்பவில்லை. சக்கியாசியைப் பேசச் சொன்னாள்.

"அடியே கிழங்கு மூஞ்சி, உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கணும். ஓட்டை மேல உக்கார வச்சிருந்தா ஒரு சொட்டு உள்ள வந்திருக்காது."

பதிலுக்கு ஒரு வசவு போயாக வேண்டும். அசெனதா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். உதடு துடித்தது. சட்டென்று அதை டேரன் கையில் திணித்தாள்.

"நீ திட்டு. நான் பேசினா அவனுக்குத் தெரிஞ்சிடும்" என்று முணுமுணுத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.