இடப்பக்கக் கதவுக்குள் இருந்தவை

எங்கள் காரின் இடப்பக்கக் கண்ணாடி பாதி வழியில் நின்றுபோனது திருப்பரங்குன்றத்தில். அம்மாவின் பள்ளியில் வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியை வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தோம். கிளம்பும்போது அம்மா கையை வெளியே நீட்டி, வாசலில் நின்ற எல்லோருக்கும் தனித்தனியாக டாட்டா காட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள். அது பாதி ஏறி, ஒரு முனகல் முனகி, நின்றுவிட்டது. தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை அன்றைக்குத்தான் வந்தது. கே.கே. நகர் வந்து சேர்ந்தபோது அம்மாவின் பட்டுப்புடவை இடப்பக்கம் மட்டும் வேறு நிறமாக இருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்து சுவிட்சை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். "மோட்டார் போச்சு சார். முழு செட்டா மாத்தணும். இந்த மாடலுக்கு இப்ப செட்டு வர்றதில்ல. வந்தா சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்ததாகச் சொல்லவே இல்லை.

அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றதில் இருந்தே காரை விற்றுவிட அவர் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார். இரவில் எதிரே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, ஸ்கூட்டரே போதும், நிறுத்த இடமில்லை என்று வரிசையாகச் சொல்வார். வாங்குவதற்கும் ஆள் தயாராக இருந்தார். அப்பாவோடு ஒரே அலுவலகத்தில் இருந்துவிட்டு, இப்போது பேரையூரில் சொந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய நண்பர். எனக்கு மாமா. அந்தக் கார் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

எனக்கும் அந்தக் கார் வேண்டும். நான் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் ஈ.சி.ஜி. மெஷின், சளி உறிஞ்சும் மெஷின், ரத்தம் வைக்கும் ஃபிரிட்ஜ் எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவேன். பெட்டி கனமானது. கூட்டமான பஸ்ஸில் அதை ஏற்ற கண்டக்டர் விடமாட்டார். காலியான பஸ்ஸோ தூரத்து ஊர்களுக்கு நான் போக வேண்டிய நேரத்தில் வராது. போன மாதம் ஓர் அழைப்பை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. திரும்பி வரக் கடைசி பஸ் கிடைக்காது என்பதுதான் காரணம். அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, வீட்டு வாசலில் கார் நிற்கிறது, நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பேரையூர்க்காரன் வாரான். பாத்துட்டு எடுத்துக்கிட்டுப் போயிருவான்."

"கண்ணாடிய நான் சரி பண்ணிட்டா?"

"நீயா? ஆஸ்பத்திரி மெஷினும் காரும் ஒண்ணா?"

"சளி உறிஞ்சுற மெஷின்லயும் மோட்டார்தான்ப்பா இருக்கு."

அப்பா ரசத்தைக் குடித்து முடித்தார். "சரி. அவன் வர்றதுக்குள்ள அந்தக் கண்ணாடி மேல ஏறி கீழ இறங்கட்டும். கார் உனக்கு."

"டீச்சர் சாட்சி" என்றேன். வீட்டில் அம்மாவை நாங்கள் இருவருமே சில நேரம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், முக்கியமாகத் தீர்ப்பு வேண்டியிருக்கும்போது.

அம்மாவின் கவனம் வேறெங்கோ இருந்தது. அடுத்த புதன் திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று வாங்கி வந்த ஓலைச் சிலுவைகளை இந்த ஞாயிறு மாதா கோயிலில் ஒப்படைக்க வேண்டும். அவற்றை எரித்த சாம்பலைத்தான் புதனன்று எல்லோர் நெற்றியிலும் பூசுவார்கள். வாசல் நிலையில் சொருகியது, சமையலறையில் வைத்தது, என் மேஜையில் இருந்தது எல்லாம் கிடைத்துவிட்டன. கார்ச் சிலுவையைக் காணவில்லை.

"வருசா வருசம் இதே கூத்து. காரக் கழுவுறேன்னு சொல்லி நீங்க தூக்கிப் போட்டுர்றீங்க" என்றாள்.

"நான் தொடல" என்றார் அப்பா.

"தொடாமத்தான் பறந்து போச்சா?"

இந்தச் சண்டை காருக்கும் எங்களுக்கும் பழக்கமானது. காரை வாங்கியதில் இருந்து ஒவ்வொரு வருடமும் இந்த வாரத்தில் நடக்கும். அப்பா ஒவ்வொரு வருடமும் தோற்பார்.

சனிக்கிழமை காலை காபி குடித்ததும் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். எந்த வேலையையும் நான் வரிசை போட்டுத்தான் செய்வேன்: முதலில் மின்சாரம், பிறகு சுவிட்ச், பிறகு மோட்டார், கடைசியாக மோட்டார் இழுக்கும் பொருள். காரின் உள்விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடிச் சுவிட்சை அழுத்தினேன். விளக்கு சற்று மங்கியது. அப்படியென்றால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, மோட்டார் அதைக் குடிக்கவும் செய்கிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. ஃபியூஸும் சுவிட்சும் தப்பித்தன.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த திருகு, விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் கிளிப்புகள். ஒவ்வொரு கிளிப்பும் 'டப்' என்று விடுபடும்போதெல்லாம் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் தோள் ஒருமுறை குலுங்கியது.

"ஒடையுதா?"

"கழலுதுப்பா."

"சத்தம் ஒடையிற மாதிரி இருக்கு."

உள்ளே கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். அதைப் பாதி உரித்ததும் மோட்டார் தெரிந்தது. மோட்டாரை எடுத்தால் கண்ணாடியைப் பிடிக்க ஆளில்லாமல் அது கதவுக்குள் விழுந்துவிடும். அதனால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிய அட்டைப்பெட்டிக்கு ஒட்டி மிச்சமிருந்த பழுப்பு டேப்பை எடுத்து, கண்ணாடியைக் கதவுச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டினேன். பிறகு மூன்று திருகுகளைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். இதற்கா இம்புட்டுப் பேச்சு என்று இருந்தது.

வராந்தாவில் பேப்பரை விரித்து அதன் தகர மூடியைத் திறந்தேன். உள்ளே அடுப்புக்கரியை அரைத்துக் கொட்டியது போல் கறுப்புத் தூள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள் இரண்டும் தேய்ந்து, அந்தத் தூளிலேயே சிக்கி நகராமல் இருந்தன. அவை உரசும் செம்பு வளையம் கறுத்திருந்தது. தூளைத் துடைத்து, வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அதன் சின்னச் சின்ன இடுக்குகளைப் பல்குச்சியால் சுத்தம் செய்தேன். செம்பு நிறம் திரும்பி வந்தது. கார்பன் துண்டுகளில் இன்னும் உயிர் இருந்தது. பல்சக்கரத்தில் மெழுகு போல் இறுகிக் கிடந்த பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாகப் பூசி, மூடினேன். இரண்டு ஒயரைக் கார் பேட்டரியில் இருந்து இழுத்துத் தொட்டதும் மோட்டார் என் கையில் இருந்தே துள்ளியது. ஒயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுற்றியது.

அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். அதன் பிறகு பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பேரையூர் மாமா. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியவர்.

"மதுரைக்கு உரம் வாங்க வந்தேன் மாப்ள, அப்படியே பாத்துட்டுப் போயிருவோம்னு" என்றவர், தோலுரிந்து நின்ற கதவைப் பார்த்தார். "ஏன் மாப்ள, காரை விக்கிறியா, ஒடைச்சு எடைக்குப் போடுறியா?"

"எம் மகளக் கேளு."

"பாப்பா, எனக்கு ஒரு கதவு குறைச்சலாத்தான் வருமா?"

"உங்களுக்கு வராது மாமா" என்றேன்.

"அடேயப்பா! பேச்சப் பாரு!" என்று சிரித்தபடி அவர் வராந்தாப் படியில் உட்கார, அம்மா அவருக்குக் காபி கொண்டு வந்தாள். இப்போது பார்வையாளர்கள் மூன்று பேர். நான் மோட்டாரைப் பூட்டி, ஒயரைச் சொருகி, டேப்பைப் பிய்த்துவிட்டுச் சுவிட்சை அழுத்தினேன். கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. மேல்பக்கமாக அழுத்தினேன். கண்ணாடி ஏறியது. விரலளவு. பிறகு அதே முனகல், அதே இடம்.

மாமா காபியை ஆற்றிக்கொண்டே, "பரவால்ல பாப்பா, நான் ஊர்ல போயி மாத்திக்கிறேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது சாவியை வாங்கக் கை நீட்டுவது போல் கேட்டது.

மறுபடி கதவின் முன் உட்கார்ந்து என் வரிசையை முதலில் இருந்து ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் நன்றாக இருக்கிறது. என் கையிலேயே சுற்றியது. நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை. என் வரிசையில் கடைசியாக இருந்ததை நான் பார்க்கவே இல்லை. மோட்டாரைக் கழற்றியிருந்தபோது கண்ணாடியைக் கையால் தூக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நானோ அதை டேப் போட்டு ஒட்டியிருந்தேன்.

பிளாஸ்டிக் தாளை முழுவதும் உரித்து, செல்போன் விளக்கை உள்ளே அடித்துக் குனிந்தேன். கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தில், பழுப்பாக ஏதோ குறுக்கே சிக்கி நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். மடங்கி நசுங்கி, ஒரு கை மட்டும் மிஞ்சியிருந்த ஓலைச் சிலுவை.

"அம்மா, இத எங்க வச்ச?"

"எங்க வைப்பேன்? கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவுல. நான் உக்கார்ற பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அங்கேதான் வைப்பாள். கண்ணாடியை இறக்கும்போதெல்லாம் சிலுவையும் கூடவே இறங்கியிருக்கிறது. கதவின் அடியில் கையை விட்டுத் துழாவினேன். இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. காருக்கு எங்கள் வீட்டில் எத்தனை வயதோ அத்தனை சிலுவைகள். தண்ணீர் வெளியேறும் துளைகளை அடைத்துக்கொண்டு கீழே படுத்துக் கிடந்தவை மெத்தென்று இருந்தன. மழை பெய்த மறுநாள் அந்தக் கதவைச் சாத்தினால் உள்ளே 'களக்' என்று குடம் ஆடுவது போல் ஒரு சத்தம் வரும். இந்த மாடலே அப்படித்தான் என்று அப்பா எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்து வந்தார். தரையில் வரிசையாக வைத்த சிலுவைகளைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை ஓய்வுபெற்ற நாளில்கூட நான் பார்த்ததில்லை.

"டீச்சர், நான் தொட்டேனா?"

"சரிங்க."

"இல்ல, நல்லாச் சொல்லு. மாப்ளயும் கேக்கட்டும். நான் தொட்டேனா?"

"நீங்க தொடல. போதுமா?"

"மாப்ள, நீ சாட்சி" என்றார் அப்பா.

"எம்புட்டு வருசத்துக் கேசு மாப்ள!" என்று மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டே சிலுவைகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டாள்.

தடத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி, சுவிட்சை அழுத்தினேன். கண்ணாடி நிற்காமல் மேலே போய்ச் சட்டத்தில் பொருந்தியது. இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். மாமா எழுந்து வந்து தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார், பிறகு இன்னொரு முறை.

"புதுக் கார் மாதிரில்ல போகுது. மாப்ள, இப்ப எனக்கு இது கட்டாயம் வேணும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். கதவைச் சரிசெய்ததே மாமாவுக்குச் சாதகமாகப் போய்விடுமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்பா அவசரப்படவில்லை. குனிந்து காரில் இருந்த சாவியை உருவினார்.

"நேத்து வந்திருந்தா குடுத்திருப்பேன் மாப்ள. இப்ப இது அவ காரு. அவகிட்ட கேளு" என்று சொல்லி, கிரீஸ் படிந்த என் கையிலேயே சாவியை வைத்தார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "என்ன பாப்பா?"

"கார் வராது மாமா. ஆனா நான் வாரேன். உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு மாசா மாசம் போகணும். நீங்க மதுரையில இருந்தா சொல்லுங்க, ஏத்திக்கிட்டுப் போறேன்."

"பெட்ரோலு?"

"நான் எப்படியும் போகணுமே மாமா."

"இவ உன்னை மாதிரி கஞ்சம் இல்ல மாப்ள" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மாமா உர மூட்டையோடு பைக்கில் கிளம்பிப் போனார்.

கருவிப்பெட்டி பின்சீட்டில் படுத்து வர, அடுத்த மாதம் நான் முதல்முறையாகப் பேரையூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் போனேன். அன்றைக்கு மதுரைக்கு வந்திருந்த மாமா இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். அதற்கு முந்தைய ஞாயிறுதான் குருத்தோலை ஞாயிறு. அம்மா புதுச் சிலுவையோடு காரில் ஏறி, பழக்கத்தில் கையைக் கண்ணாடி ரப்பர் பக்கம் கொண்டுபோனபோது நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் கத்தினோம். அதனால் இந்த வருடச் சிலுவை வெயில் மறைப்பில், ஒரு பெரிய கிளிப்பில் மாட்டியிருந்தது.

ஊரைத் தாண்டி வெயில் ஏறியதும் மாமா கண்ணாடியை இறக்கினார். ஏற்றினார். மறுபடியும் இறக்கினார். திருமங்கலம் தாண்டியும் அவர் விரல் சுவிட்சை விட்டு எடுபடவில்லை.

"மாமா, மோட்டார் சூடாயிரும்."

"சூடானா என்ன? சரி பண்ண ஆள் கூடவே வருதுல்ல" என்று சொல்லி, இன்னொரு முறை ஏற்றினார்.