பரந்தாமன் மீசையும் ஒண்ணேகால் இஞ்ச் பைப்பும்

ஆவடி ஃபாக்டரியில் பைப் ஃபிட்டராக இருந்த பரந்தாமனுக்கு ஒரே கொள்கைதான்: எது வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிசாக வாங்க வேண்டும். சட்டை தோளிலிருந்து வழியும். செருப்பு அவர் நின்ற பிறகும் ஓரடி நடக்கும். அவருடைய டிபன் கேரியரைப் பார்த்து, வெளியூர் போகிறவர் என்று ரயிலில் இடம் விட்டவர்கள் உண்டு. அவர் காசு கொடுத்து வாங்காதது மீசை ஒன்றுதான். அதுவும் ஒரு சைஸ் பெரிசு.

அவருடைய அக்கா வேம்புலியம்மாள் வீடு நெமிலிச்சேரியில். பிள்ளைகள் வேலைக்குப் போகப் போக ஒவ்வொரு அறையாகச் சேர்த்து, அது மின்சார ரயில் மாதிரி நீண்டுவிட்டது. கடைசிப் பெட்டிக்குப் பின்னால், கொல்லையில், விறகு பாய்லர். அதன் ஓட்டையைச் சோப்பு வைத்து அடைத்திருந்தார்கள். மகள் வனஜாவின் கல்யாணத்தன்று விடிகாலையில் அந்தச் சோப்பு கரைந்துபோக, சம்பந்தியம்மாள் ஞானம்மாள் பச்சைத் தண்ணீரில் குளிக்க நேர்ந்தது. அதற்கப்புறம் தன் ஊரான காட்டுப்பாக்கத்தில் அவள் யாரைப் பார்த்தாலும், "எங்களுக்கு இன்னாங்க கொறச்சல்? பொண்ணு ஊட்ல ஐஸ் தண்ணி ஊத்தியில்ல கவனிச்சாங்க!" என்று ஆரம்பித்துவிடுவாள்.

இப்போது தலை தீபாவளி. மாப்பிள்ளை உத்தமன் வருகிறான். புது பாய்லர் போடும் பொறுப்பைப் பரந்தாமன் தானே எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் ஒரே நேரத்துல கொயாயத் தெறந்தா இன்னா ஆவும்? அத்த நெனச்சு சைஸ் போடணும்க்கா."

"ஏன்டா ஒரே நேரத்துல தெறக்கப் போறாங்க? ஊட்ல கீறதே ஒரு சோப்பு."

அவர் காதில் வாங்கவில்லை. ஆளுக்கு எத்தனை பக்கெட் என்று விசாரித்தார்.

"எனக்கு அர பக்கெட்டு போதும் மாமா" என்றான் அக்காவின் மூத்த மகன் தங்கவேல்.

உள்ளேயிருந்து அவன் மனைவி ராணி குரல் கொடுத்தாள்: "அப்ப தெனம் தொட்டி காலியாவுதே, அத்த காக்காவா குடிக்குது?"

பரந்தாமன் சொன்னதையெல்லாம் இரண்டால் பெருக்கி, அதற்கு மேல் ஒரு சைஸ் ஏற்றினார். அரை இஞ்ச் பைப் எடுத்துக் காட்டிய கடைக்காரரிடம், "இன்னா நைனா, எறும்பா குளிக்கப் போவுது? ஒண்ணேகால் இஞ்ச் எடு" என்றார். அம்பத்தூர் பட்டறையில் செய்த பாய்லர் மீன்பாடி வண்டியில் தெருவுக்குள் நுழைந்தபோது, எதிர்வீட்டுத் துலுக்கானம் சாமி ஊர்வலம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்.

வெளிச்சுவரோடு பைப் தெருப்பக்கத்துக் குளியலறைவரை ஓடியது. பாய்லரை ஒட்டிய குளியலறையில் குழாயைத் திறந்து பார்த்தார். ஆவி பறந்தது. மீசையை முறுக்கிக்கொண்டார்.

"தீவாளியன்னிக்கி மாப்ளைக்கு மட்டும் பச்சத்தண்ணி வந்துச்சு, இந்த மீசைய எட்த்துட்றேன்!"

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்டாள் அக்கா.

தீபாவளிக்கு நல்ல மழை. தலையில் எண்ணெய் வழிய, உத்தமன் தெருப்பக்கத்துக் குளியலறைக்குள் போனான். கதவுக்கு வெளியே பரந்தாமன் காவல் நின்றார். தண்ணீர் கொட்டும் சத்தம். உடனே, "ஹ்ஹா!"

"மாப்ளே, எப்டி கீது?"

"ந... ந... நல்லா கீது மாமா."

"பாத்தியா, சூட்ல நாக்கு கொயறுது!" என்று அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவன் உதடு நீலம் பூத்து வெளியே வந்தான். அடுத்துப் போன வனஜா, "அம்மாடி, கொதிக்குது!" என்று கத்தினாள். பரந்தாமன் வீடு முழுக்க மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

எல்லோரும் இட்லிக்கு உட்கார்ந்த பிறகு, கடைசியாக அவர் அதே குளியலறைக்குப் போனார். தண்ணீரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முழுப் பக்கெட்டையும் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

அவர் போட்ட கூச்சலில் தெருநாய் குரைத்தது.

மறுபடி பிடித்தார். அதுவும் பச்சைத் தண்ணீர். அதற்கப்புறம்தான் வெந்நீர் எட்டிப் பார்த்தது. மழையில் நனைந்தபடி கிடந்த அந்தத் தடிப் பைப்பு, குழாயை மூடிய நேரமெல்லாம் வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு குளிர்ந்துபோயிருக்கிறது. அரை இஞ்ச் பைப்பாக இருந்தால் நாலு சொம்போடு போயிருக்கும். அத்தனையையும் தலையில் வாங்கியவன் மாப்பிள்ளை.

துண்டோடும் ரேசரோடும் வந்து உத்தமன் முன்னால் நின்றார்.

"மாப்ளே, நெசத்தச் சொல்லு. பச்சத்தண்ணிதான?"

இட்லியோடு எல்லோர் கையும் நின்றது. உத்தமன் வனஜாவைப் பார்த்தான், ரேசரைப் பார்த்தான்.

"எங்கம்மா கேட்டா சுடுதண்ணின்னுதான் சொல்லுவேன் மாமா. ஆனா நீங்க மீசைய எட்த்தீங்கன்னு வெச்சுக்குங்க, ஏன் எட்த்தாருன்னு அம்மா கேக்கும். அப்ப நான் இன்னா சொல்றது?"

வேம்புலியம்மாள் ரேசரைப் பிடுங்கிக்கொண்டாள். "மீச கெடக்கட்டும். இனிமே ஒவ்வொரு தீவாளிக்கும் அந்தக் கொயாயில மொத குளியல் உன்னுதுதான்டா!"

அதிலிருந்து தீபாவளிதோறும் தெருப்பக்கத்துக் குளியலறையில் ஒரு கூச்சல் எழும். அது கேட்ட பிறகுதான் உத்தமன் தலைக்கு எண்ணெய் வைக்க உட்காருவான்.