பப்பாளி ஜீப்பில் என் பங்கு

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பழக்கடை. பழம் விற்கிறவளுக்கு வாய் வேண்டும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. வாழைப்பழத் தோலில் நாலு கரும்புள்ளி விழுந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் அது தின்னுகிற பதத்துக்கு வந்திருக்கும். எத்தனையோ பேரிடம் சண்டையே போட்டிருக்கிறேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுப் பச்சைக்காம்புப் பழத்தைத்தான் எடுத்துப் போவார்கள். "நீ பழத்துக்கு வக்கீலா, வியாபாரியா?" என்பார் என் வீட்டுக்காரர்.

புள்ளி விழுந்த சீப்பாகக் கேட்டு வாங்குகிற ஒரே ஆள் மலையிலிருந்து வருகிற ஒரு பெண்தான். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பவள். சாமான் வாங்கக் கீழே இறங்கினால் என் கடைக்கு வராமல் போக மாட்டாள். பழத்தின் அருமை தெரிந்தவள் என்பதால் எனக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

போன வருஷம் கோடை லீவு விடுகிற சமயத்தில் வந்தவள் முகம் வாடியிருந்தது.

"நாளையோட பள்ளிக்கூடம் முடியுதுக்கா. எனக்குன்னா வேற வேலை பாத்துக்குவேன். புள்ளைங்கள நெனைச்சாதான் ஒரு மாதிரி இருக்குது."

"புள்ளைங்களுக்கு இன்னா? லீவுன்னா கொண்டாட்டம்தானே?"

"பள்ளிக்கூடம் இருந்தா காலைல உப்புமாவோ பொங்கலோ ஆக்கிப் போட்டுடறேன். லீவு வுட்டா பெரியவங்க விடியறப்பவே காட்டுக்குப் போய்ட்றாங்க. பாதிப் புள்ளைங்களுக்கு அம்மா அப்பாவே ஊர்ல இல்ல, கேரளா பக்கம் வேலைக்குப் போய்ட்டாங்க. இதுங்க மாங்காயக் கடிச்சிக்கினு மத்தியானம் வரைக்கும் சுத்தும்."

அவள் போன பிறகு கடையில் தொங்கிய தாரைப் பார்த்தேன். அடுக்கி வைத்திருந்த பப்பாளியைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மலையேறுகிற ஷேர் ஜீப்பில் இரண்டு கூடைப் பழத்தோடு நானே போவது என்று முடிவு செய்துவிட்டேன். இதில் ஒரு சிக்கல். மலைப் பாதையின் வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். அதனால் வெறும் வயிற்றோடு ஏறுவேன், மத்தியானம் வீடு திரும்பித்தான் வாயில் ஏதாவது போடுவேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் பூட்டியிருந்த பள்ளிக்கூடத்துத் திண்ணையில் பழங்களை நறுக்கித் தட்டு தட்டாக வைத்தேன். இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள். ஒருவரும் ஆசையாகப் பார்க்கவில்லை. மரமேறிப் பறித்துத் தின்கிற பிள்ளைகளுக்குத் தட்டில் வைத்த பழம் மருந்து மாதிரி தெரிந்ததோ என்னவோ. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைப் பழத்தோடு ஏற்றிவந்த ஜீப் வெளியே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் யோசனை வந்தது.

பப்பாளியை நீளவாக்கில் கீறி ஒரு துண்டை எடுத்தேன். அது வண்டி. வாழைப்பழ வில்லைகள் நாலு, சக்கரம். மேலே ஒரு கறுப்புத் திராட்சை, அது மூட்டை. உள்ளே அவித்த வேர்க்கடலைகளை நெருக்கி உட்கார வைத்தேன். இடமில்லாத இரண்டு கடலைகளைத் தேன் தொட்டு வண்டியின் பின்பக்கம் ஒட்டினேன். அவ்வளவுதான், பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடத்து ஓடு பறந்திருக்கும். "தொங்கினு போறாங்க பாரு! தொங்கினு போறாங்க!" வெளியே நின்ற டிரைவரை இழுத்துவந்து காட்டினார்கள். அவர் பப்பாளி வண்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆள் கம்மியா ஏத்திருக்கீங்க," என்றார்.

அன்று முதல் பழத்தட்டு வழித்துத் துடைத்ததுபோல் காலியானது. பப்பாளி தீர்ந்தால் தர்பூசணியில் பஸ் செய்வேன். சமையல்காரப் பெண் சாமை வேகவைத்துத் தருவாள். அதில் வாழைப்பழத்தைப் பிசைந்து, தேங்காய்ப்பூவும் தேனும் கலந்து மலை பிடித்து வைப்பேன். மலையைச் சுற்றி மாம்பழக் கீற்றுகளால் ரோடு. ரோட்டைத் தின்றுவிட்டுத்தான் மலையில் கை வைப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் இருந்தாள். ஆறு வயசுக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரிவாள். அம்மாவும் அப்பாவும் கேரளாவுக்குப் போய்விட்டதால் பெரியம்மா வீட்டில் வளர்கிறவள். என்னை "பழக்கார அத்தே" என்று கூப்பிட ஆரம்பித்தவள் அவள்தான். பப்பாளி ஜீப்பில் மற்றக் கடலைகளையெல்லாம் தின்பாள். முன் சீட்டில் இருக்கும் இரண்டை மட்டும் எடுத்துப் பாவாடை நுனியில் முடிந்துகொள்வாள்.

"அதையும் துன்னுடி," என்றேன்.

"அது எங்கம்மாவும் அப்பாவும். ஊருக்கு வந்துனு இருக்காங்க," என்றாள்.

எனக்கு ஜீப்பில் போகும்போதும் வரும்போதும் அவள் நினைப்பாகவே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்காகவே பல நாள் அந்த வளைவுகளைத் தாங்கினேன்.

இப்படியே போயிருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. எங்கள் ஊரில் காது குத்தினாலும் பேனர், கடை திறந்தாலும் பேனர். நல்ல காரியம் செய்கிறோம், நாலு பேருக்குத் தெரிந்தால் இன்னும் நாலு பேர் உதவுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு பேனர் அடித்தேன். 'பசியால் வாடும் மலைக் குழந்தைகளுக்கு இலவசக் காலைப் பழ உணவு.' ஒரு ஓரத்தில் பட்டுப்புடவையோடு கை கூப்பியபடி நான். அதை ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாசலில் கட்டிவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்துவிட்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை போனால் ஒரு பிள்ளைகூட இல்லை. இரண்டு கூடைப் பழத்தோடு நானும் சமையல்காரப் பெண்ணும் மட்டும். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சிறிது நேரத்தில் அந்தச் சின்னப்பெண்ணின் பெரியம்மா வந்தாள். தோளில் துண்டு, கையில் அரிவாள், காட்டுக்குப் போகிற வழியில் நின்றாள்.

"பசியால வாடுதுன்னு எழுதிப் போட்டிருக்கியாமே. படிக்கத் தெரிஞ்ச புள்ள படிச்சிச் சொல்லிச்சு. இவங்க அம்மா என்னை நம்பி வுட்டுட்டுப் போயிருக்கா. இது அவ காதுல வுழுந்தா இன்னா நெனைப்பா? அக்காக்காரி எம் புள்ளயப் பட்டினி போட்டுட்டான்னு நெனைக்க மாட்டாளா?"

நியாயமான கேள்வி. ஆனால் அப்போது எனக்கு அது நியாயமாகப் படவில்லை. "செய்யறவளுக்கு இதான் மரியாதையா?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "நீ இத்தினி நாளா வர்றே. எங்க மண்ணுல ஒரு வாய் துன்னிருக்கியா? சாமை மலை புடிச்சி வெக்கறே, ஒரு உருண்டை உன் வாய்க்குள்ள போச்சா? நாங்க ஆக்கினது உனக்கு ஆவாது. நீ கொண்டாறது மட்டும் நாங்க துன்னணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இறங்கும்போது வளைவுகளில் எனக்கு வாந்தி வரவில்லை. அவ்வளவு கோபம். வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர், "உன் போட்டோவப் பாத்துப் புள்ளைங்க பயந்திருக்கும்," என்றார். நான் சிரிக்கவில்லை. இனிமேல் மலைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த செவ்வாய் போகவில்லை.

வியாழக்கிழமை சமையல்காரப் பெண் கடைக்கு வந்தாள். பழம் எதுவும் எடுக்காமல் நின்றாள்.

"செவ்வாக்கெழம ஜீப்பு சத்தம் கேட்டதும் அந்தப் பொண்ணு ரோட்டுக்கு ஓடியாந்துடுச்சுக்கா. நீ இறங்கலன்னதும் அங்கேயே குந்திச்சு. காலைல ஒண்ணும் துன்னல. மாங்காயாத் துன்னு நேத்தெல்லாம் வயித்து வலி."

பெரியம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரியம்மாவுக்கு மானம் போயிற்று, எனக்கு ரோஷம் வந்தது, வயிற்று வலி அந்தக் குழந்தைக்கு. வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் வண்டியில் ஏறினேன். போனதும் முதல் வேலையாகப் பேனரை அவிழ்த்தேன். சுருட்டி எறியப் போனவளைச் சமையல்காரப் பெண் தடுத்து, "கெட்டியா இருக்குதுக்கா, உக்கார ஆவும்," என்று வாங்கி வைத்துக்கொண்டாள். நேராகப் பெரியம்மா வீட்டு வாசலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வாய் குழறியது.

"அக்கா, வளைவுல எனக்கு வாந்தி வரும். அதனாலதான் எதுவும் துன்றதில்ல. வேற ஒண்ணும் மனசுல இல்ல. எழுதினது தப்பு. அந்தப் புள்ளய வராமத் தடுக்காதக்கா, என்னை வேணா நாலு வார்த்த திட்டு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இன்னைக்கு அம்மனுக்கு மொதப் பலா அறுக்கறோம். இருந்து துன்னுட்டுப் போ," என்றாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வருஷத்தின் முதல் பலாவை அம்மன் முன்னால் அறுக்கும்வரை யாரும் பலாவில் கத்தி வைப்பதில்லை. அறுத்த சுளையைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். வேலைக்கு வெளியூர் போனவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. வராதவர் பங்கை அந்த வீட்டிலிருப்பவர் தின்ன வேண்டும்; தின்றால் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்பார்கள்.

பேனரை என் முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து விரித்திருந்தார்கள். அதன்மேல் எல்லோரும் உட்கார்ந்தோம். நானும்தான். பெரியம்மா எண்ணெய் தடவிய கையால் சுளை எடுத்து அந்தச் சின்னப்பெண்ணின் இலையில் வைத்தாள். "இது உன்னுது. இது அம்மாவுது. இது அப்பாவுது." அம்மா அப்பா கூட இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பங்கு, அவளுக்கு மூன்று. அம்மா அப்பா ஊரில் இல்லாத அத்தனை பிள்ளைகளின் இலையும் நிறைந்திருந்தது. பசி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களுக்கு அதிகம் போயிருந்தது. நான் பேனர் அடித்துச் செய்ததை இவர்கள் சத்தமில்லாமல் எத்தனை காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்களோ. என் இலையிலும் சுளை விழுந்தது. தின்றேன். அப்படி ஒரு பலாவை என் கடையில் நான் விற்றதில்லை.

அந்தப் பெண் மட்டும் தயங்கினாள். "நான் துன்னா அம்மாவுக்கு எப்படிப் போவும்?"

"போவும். துன்னு," என்றாள் பெரியம்மா.

தின்றாள். ஆனாலும் அவள் முகத்தில் அந்தச் சந்தேகம் போகவில்லை.

அதன்பிறகு பழச் சாப்பாடும் பங்குமுறைக்கு மாறியது. கீழேயிருந்து என் பப்பாளி, வாழை. மேலேயிருந்து அவர்கள் மரத்துப் பலா, மாம்பழம், சாமை, தேன். பப்பாளி ஜீப்பில் ஊரில் இல்லாதவர்களுக்கும் சீட்டு உண்டு. அவர்கள் பங்குக் கடலையை அந்தந்த வீட்டுப் பிள்ளை தின்ன வேண்டும். அவள் மட்டும் முன் சீட்டுக் கடலை இரண்டையும் பழையபடி முடிந்துகொண்டாள். பலா போகட்டும், கடலையை ஏமாற்ற முடியாது என்று நினைத்தாளோ என்னவோ.

மே கடைசியில் என் வீட்டுக்காரர் வாழைத்தார் இறக்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வேலூரில் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் எக்ஸ்ரே எடுக்கிற அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பயம். ஒரு டீகூடத் தொண்டையில் இறங்கவில்லை. இன்றைக்கு மலைக்குப் போகிற நாளாயிற்றே என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்கு வந்து கட்டிலிலிருந்தே என்னை அதிகாரம் செய்ய ஆரம்பித்த பிறகு, செவ்வாய்க்கிழமை மலையேறினேன். பிள்ளைகள் ஓடிவந்து கூடையைப் பிடுங்கினார்கள். நான் வராத வெள்ளிக்கிழமை சமையல்காரப் பெண்ணே பப்பாளி ஜீப் செய்திருக்கிறாள். டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சீட்டு போட்டார்களாம்.

"அப்டியா? என் பங்க யாரு துன்னது?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்று அந்தப் பெண் முன்னால் வந்தாள். சிரிக்கவில்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "அத்தே, அன்னைக்கு உனக்கு வவுறு ரொம்புச்சா?"

ஆஸ்பத்திரிப் பெஞ்சு எனக்கு ஞாபகம் வந்தது. அவள் ஏன் கேட்கிறாள் என்பது புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஊரில் இல்லாமல் போய்த் திரும்பி வந்தவள் நான் ஒருத்திதான். அவளுக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

"ரொம்புச்சுடி. ஏப்பமே வந்துச்சு," என்றேன்.

"அப்போ எங்கம்மாவுக்கும் ரொம்பிருக்கும்," என்றாள்.

அன்றைக்கு அவள் பாவாடை நுனியை முடியவில்லை. முன் சீட்டிலிருந்த இரண்டு கடலையையும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக, நன்றாக மென்று தின்றாள்.