நொஹேமியின் இடது கண்

வான்கோழிக் கறி ஆலையில் பதினெட்டு வருடமாக எலும்பு நீக்கிக்கொண்டிருந்தவள் நொஹேமி. ஹோண்டுராஸ்காரி. ஐம்பத்தாறு வயதில், எங்கள் ஊர் நூலகத்தில் குடியேறியவர்களுக்கு நடக்கும் ஆங்கில வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள்.

ஒருநாள் கிர்ஸ்டன் டீச்சர் பலகையில் 'பிரிங் டுகெதர்' என்று எழுதினாள். சந்தையிலிருந்து முட்டையையும் வெங்காயத்தையும் சேர்த்துக் கொண்டு வருவது என்று நொஹேமி பொருள் சொன்னாள்.

"அதுக்கு வெறும் 'பிரிங்' போதும். இது பிரிஞ்சு நிக்கறவங்களைச் சேர்த்து வைக்கறது. மனுஷங்கதான் செய்யணும்னு இல்ல, ஒரு கல்யாணம் செய்யும், ஒரு வெள்ளம்கூடச் செய்யும்" என்றாள் கிர்ஸ்டன்.

நொஹேமி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவளுடைய தம்பிகள் செல்வினும் இசித்ரோவும் அதே ஆலையில்தான் வேலை செய்தார்கள், ஒருவன் பகலில், மற்றவன் இரவில். இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருடம். ஊரில் அம்மா இறந்தபோது, இங்கே பனிப்புயலில் மாட்டிக்கொண்ட செல்வினுக்குக் காத்திராமல், அங்கே போயிருந்த இளையவன் இசித்ரோ அடக்கம் செய்துவிட்டான்.

பிப்ரவரியில் அவளுக்கு இடது கண்ணில் புரை அறுவை. கூட ஓர் ஆள் வேண்டும் என்றது மருத்துவமனை. இரண்டு தம்பிகளிடமும் தனித்தனியே "நீதான் வரணும்" என்று சொல்லிவைத்தாள். காலை ஏழு மணிக்கு இருவரும் வாசலில் நின்றார்கள்.

"இவன் எதுக்கு வந்தான்?" என்றான் செல்வின்.

"தரை வழுக்குது. நீ இந்தக் கையைப் பிடி, அவன் அந்தக் கையைப் பிடிக்கட்டும்."

அவளை அறுவைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு நடந்ததை இசித்ரோதான் பின்னால் அவளிடம் சொன்னான். ஒரு மணி நேரம் இருவரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு அவனே வாயைத் திறந்தானாம்.

"மூணு நாள் அம்மாவுக்கு ஐஸ் வாங்கி வெச்சேன் அண்ணே. நாலாம் நாள் ஐஸ் கிடைக்கல."

செல்வினுக்கு அது தெரியாது. அம்மாவுக்கு எந்த உடுப்பு போட்டார்கள் என்று மட்டும் கேட்டானாம்.

அடுத்த வாரம் கண்ணில் கவசத்தோடு வந்த நொஹேமி, தன் கண் தம்பிகளைச் சேர்த்து வைத்ததாக நோட்டில் எழுதினாள். சரிதான், ஆனால் பேச்சில் ஆட்களை 'பிரிங்', 'டுகெதர்' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் வைப்பதே வழக்கம் என்றாள் கிர்ஸ்டன். நொஹேமி அழித்துவிட்டுத் தம்பிகளை நடுவில் எழுதினாள்.

செல்வின் மனைவி இன்னும் இசித்ரோ வீட்டுப் படி ஏறவில்லை. ஈஸ்டருக்கு மட்டும் அந்த வீட்டுக்கு, சோளமாவில் செய்து வாழையிலையில் கட்டிய தமாலே ஆறு கொடுத்தனுப்பினாள்.