ஊதாப் பவளத்துக்கு ஒரு வெட்டு

பேருந்து ஓட்டுநரான அவருக்கு அந்தக் குடியிருப்பில் 'கடல்' என்று பட்டப்பெயர். நீச்சல் தெரியாது. கடலில் முழங்கால் வரைகூட இறங்கியதில்லை. ஆனால் கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறார். யார் வந்தாலும், "இது கல்லு இல்லீங்க, உசுரு" என்று ஆரம்பித்துவிடுவார். கீழே தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவர் மனைவி, "வந்தவங்கள மொதல்ல உக்கார விடுங்க" என்பார்.

அவருடைய செல்லம் ஓர் ஊதாக் கிளைப்பவளம். சுண்டுவிரல் அளவில் வாங்கியது, கைவிரித்தாற்போல் வளர்ந்திருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலை தொட்டி விளக்கைப் போட்டவர் அப்படியே உறைந்துபோனார். பவளத்தின் அடிப்பாகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேல்தோல் நனைந்த காகிதம்போல உரிந்து, நீரோட்டத்தில் இழையிழையாக மிதந்தது. மிச்சம் வெறும் எலும்பு.

"ஏய், ஓடி வாயேன்! போச்சு!"

பல்துலக்கியும் வாயுமாக ஓடி வந்தார் மனைவி. "என்னங்க, ஷாக் அடிச்சிருச்சா?"

"பவளம் உரியுது!"

பவளம் விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்தார். அவர் மூச்சுவிடாமல் சொன்னார்: "யோசிக்காதீங்க சார். உரிய ஆரம்பிச்சா நிக்காது. நல்லா இருக்கிற நுனிய மட்டும் வெட்டி, வேற கல்லுல ஒட்டுங்க. வெள்ளைக்கு நல்லா மேலயே வெட்டணும். அப்புறம் தண்ணியச் சோதிங்க. எதையோ மாத்தியிருக்கீங்க."

பவளத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, வெட்டும் குறடு ஒன்றை எடுத்தார். எவ்வளவு நெரிசலிலும் பேருந்தை நெளித்துக் கொண்டுபோகிறவர், அதைக் கிளையருகே கொண்டுபோவதும் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்தார்.

"குடுங்க இப்படி. வெட்டுறதுதானே என் பொழப்பு?" மனைவி கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க?"

"இங்க... ஐயோ இல்ல, இன்னும் மேல!"

"எல்லா கஸ்டமரும் இப்படித்தான். பேசாம இருங்க."

நறுக்! ஊதா நுனி கிண்ணத்தில் விழுந்தது. அடுத்தடுத்து இன்னும் மூன்று நறுக். தொட்டித் தண்ணீரில் அயோடின் கலந்து துண்டுகளை முக்கி, பசை வைத்துக் கற்களில் ஒட்டினார்கள். இருவர் விரலும் ஒட்டிக்கொள்ள, பதற்றத்திலும் சிரிப்பு பீறிட்டது.

தண்ணீரைச் சோதித்தபோது காரத்தன்மை எகிறிக் கிடந்தது. சீக்கிரம் வளரட்டுமே என்று அவர்தான் மருந்துத்தூளைக் கூட்டிப் போட்டிருந்தார்.

"திணிச்சா வளந்துருமா?" என்றார் மனைவி. அவர் தூளை நிறுத்தி, ஒரேயடியாக மாற்றாமல், நாளுக்குக் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்தார்.

தாய்ப்பவளம் அன்றைக்கே முழுதும் வெளுத்துப்போனது. ஒட்டிய துண்டுகளில் ஒன்றும் உரிந்தது. மற்றவை அசையாமல் நின்றன. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் செருப்பைக் கழற்றாமல் ஒருமுறை, கண்ணாடியில் மூக்கு பதியப் பார்ப்பார்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, தொட்டிக்குள் கைவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தபோது, பசையின் மேல் மெல்லிய ஊதாத் தோல் படர்ந்திருப்பதைக் கண்டார். முழங்கை சொட்டச் சொட்டப் படியிறங்கி மனைவியின் கடைக்குள் பாய்ந்தார்.

"புடிச்சிருச்சு! புடிச்சிருச்சு!"

"யாரப் புடிச்சாங்க?" என்று நாற்காலியில் இருந்த பெண்மணி அலறினார்.

மனைவி சீப்பைப் போட்டுவிட்டு ஓடினார். கழுத்தில் கட்டிய துணியோடு அந்தப் பெண்மணியும் பின்னாலேயே மாடியேறினார். மூன்று தலைகளும் தொட்டிமுன் குனிந்தன. பவளத்தின் பொடிப்பொடிக் கைகள் விரிந்து ஆடிக்கொண்டிருந்தன.

"இது நான் வெட்டுனதுதானே?" மனைவி குரலில் பெருமை தாங்கவில்லை.

"எல்லாமே நீ வெட்டுனதுதான்!"

"ரொம்ப அழகா இருக்கு. என் தலையில இன்னும் பாதி பாக்கி இருக்கும்மா" என்றார் அந்தப் பெண்மணி.