ஐந்தரை மணிக் குரல்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். கதையாக இருந்தால் முடிவை நான் மாற்றி எழுதியிருப்பேன். எங்கள் வீட்டு ஹாலில், இன்னும் விளக்குப் போடாத சாயங்கால வெளிச்சத்தில், என் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். சந்தேகப்படுகிறவர்கள் வரலாம். அந்த ரேடியோ இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது.

என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கடலில் இருக்கும்போது எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. தினமும் மாலை ஐந்தரைக்குத் துறைமுக வானொலி சிற்றலையில் கடல் வானிலை வாசிக்கும். அவர் கப்பல் அடுப்படியில் அதைக் கேட்பார். நான் வீட்டில் கேட்பேன். காற்று, அலை, மழை என்று எங்களுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஒரே குரல், ஒரே நேரத்தில், இரண்டு பேர் காதிலும் விழுகிறது அல்லவா? அது போதும் எங்களுக்கு.

வாசிக்கிற அம்மாளுக்கு எப்போதும் தொண்டை கட்டியிருக்கும். நடுவில் ஒரு தடவையாவது இருமுவாள். எங்கோ ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போன் செய்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

"போன செவ்வாய்க்கிழமை அந்தம்மா மூணு தடவை இருமுச்சே, கேட்டியா?"

"கேட்டேன். மூணாவது தும்மல்."

"போடி... அது இருமல்தான்."

இதுதான் நாங்கள் கொஞ்சிக்கொண்ட விதம்.

கடைசிப் பயணத்துக்குக் கிளம்பும்போது, அவருடைய செட் பழுதாகிவிட்டது என்று வீட்டு ரேடியோவையும் எடுத்துக்கொண்டு போனார். "வந்து புதுசு வாங்கித் தரேன்" என்றார். அந்தக் கப்பலின் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. இருபத்திரண்டு பேர். புயலும் இல்லை, அபாயக் குரலும் இல்லை. கப்பலிலிருந்து ஒருநாள் பதில் வந்தது, மறுநாள் வரவில்லை. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று கம்பெனியில் சொன்னார்கள்.

வீட்டில் மிஞ்சியது மூன்று பேர். நான், ஏழு வயது மகள் சுண்டெலி, என் மாமனார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரைச்சலிலேயே வாழ்ந்ததால் காது போய்விட்டது. காது மெஷின் வைத்திருப்பார். சரியாகப் பொருந்தாமல் அது எந்நேரமும் மெல்லியதாக ஒரு சீழ்க்கை அடிக்கும். 'ஙீ...' என்று, கொசு பாடுவதுபோல. அந்தச் சத்தம் வந்தால் மாமா பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். சுண்டெலி கண்ணாமூச்சியில் அவரை நொடியில் பிடித்துவிடுவாள்.

நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி இயந்திரத்தில் வேலை பார்க்கிறேன். வேலைவிட்டு வரும் வழியில் பழைய சாமான் கடை. கடைக்காரர் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். ஊரே அவரை ஆண்டெனா என்றுதான் கூப்பிடும். அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் அதைப் பார்த்தேன். கையடக்க ரேடியோ. தோல் உறை. ஓரம் பிய்ந்த கைப்பிடி.

"சிற்றலை எடுக்குமா?"

"எடுக்குமாவா? நிலாவுல யாராவது தும்முனாக்கூட எடுக்கும்மா."

"யாரோடது?"

"மூட்டையா வந்த சாமான். யாரோடதுன்னு நான் யாரைப் போய்க் கேக்க?"

காசு கொடுத்துக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் திட்டாதீங்க. இந்த மாதிரிச் சின்ன செட்ல ஒரே ஸ்டேஷன் ரெண்டு இடத்துல விழும். ஒண்ணு நிஜம். கொஞ்சம் கீழே தள்ளி அதோட நிழல். புதுசா வாங்குறவங்க நிழலைப் பிடிச்சுட்டு வேற ஸ்டேஷன் கிடைச்சிருச்சுன்னு குதிப்பாங்க. ரெண்டுலயும் அதே பேச்சுத்தான் வரும். தெரிஞ்சுக்குங்க."

அதே பேச்சுத்தான் வரும்.

அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஐந்தரைக்கு முள்ளைத் திருப்பினேன். அந்தம்மாள் குரல் வந்தது. தென்மேற்குக் காற்று, மிதமான அலை, ஒரு இருமல். பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்த இருமல்! முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன். மாமா தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நாலைந்து நாள் இப்படியே போயிற்று. ஒருநாள் சுண்டெலி ஓடிவந்து இடித்ததில் கை நழுவி முள் கீழே இறங்கியது. அதே குரல் அங்கேயும் கேட்டது. 'ஓ, ஆண்டெனா சொன்ன நிழல்' என்று நினைத்தேன். மீண்டும் மேலே திருப்பப் போனவள்...

நின்றுவிட்டேன்.

குரல் அதேதான். இருமலும் அதே. ஆனால் அந்தம்மாள் வானிலை வாசிக்கவில்லை. ஒரு கப்பலின் பெயரை வாசித்தாள்.

"...துறைமுகத்துக்கு அறுநூறு மைல். ஆட்கள் இருபத்திரண்டு. அனைவரும் நலம்."

அவருடைய கப்பல்.

முள்ளை நிஜத்துக்குத் திருப்பினேன். காற்று, அலை. நிழலுக்குத் திருப்பினேன். வெறும் இரைச்சல். என் மனம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

மறுநாள் நேராக நிழலில் முள்ளை வைத்துக் காத்திருந்தேன். ஐந்தரை.

"துறைமுகத்துக்கு ஐந்நூறு மைல். ஆட்கள் இருபத்திரண்டு. அனைவரும் நலம்."

குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தமும் இருந்தது. எங்கோ ஆழத்திலிருந்து.

டக்... டக்.

குழம்பைக் கிளறி முடித்ததும் கரண்டியைப் பாத்திர விளிம்பில் இரண்டு தடவை தட்டுவது என் கணவரின் பழக்கம். "பாத்திரம் நசுங்குது, சத்தம் போடாதீங்க" என்று நான் கத்தாத நாளில்லை.

டக்... டக்.

யாரிடம் சொல்வது? மாமாவிடம்தான் சொன்னேன். அவர் காது மெஷினை ரேடியோவோடு ஒட்டிவைத்துக் கேட்டார். மெஷின் 'ஙீ...' என்று கத்தியது. அன்றைக்கு நானூறு மைல். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு லேசாகத் துடித்தது.

"என்ன மாமா, கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலைம்மா. இரைச்சல்தான்." எழுந்துகொண்டார். "அந்த முள்ளை அங்க வைக்காதே. கண்ட கண்ட சத்தம் வரும்."

அவருக்கும் கேட்டிருக்கிறது என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் புரிந்தது.

முந்நூறு மைல். இருநூறு. நான் சாப்பிட ஆரம்பித்தேன். தலை வாரிக்கொண்டேன். சலவைப் பிரிவில் கூட வேலை செய்கிற அக்கா, "என்னடி, முகத்துல வெளிச்சம்?" என்று கேலி செய்தாள். சொன்னால் சிரிப்பீர்கள். பயந்தேன்தான். ஆனால் பயத்தைவிட, அவர் வருகிறார் என்ற நினைப்பு பெரிதாக இருந்தது. எப்படி வருகிறார், எதுவாக வருகிறார் என்றெல்லாம் யோசிக்க எனக்கு இஷ்டமில்லை.

நூறு மைல் தாண்டிய மறுநாள்.

"துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம். நாளை உள்ளே வரும். கப்பலுக்கு வர வேண்டியவர் பெயர் நாளை இதே நேரம் வாசிக்கப்படும்."

ஒரு இருமல்.

டக்... டக்.

வர வேண்டியவர். வேறு யார்? நான்தான்!

அவருடைய நீலச் சட்டையையும் பேன்ட்டையும் எடுத்துத் தேய்த்தேன். இத்தனை நாள் நனைந்தே இருந்தவருக்கு உலர்ந்த துணி வேண்டாமா? மடித்துப் பையில் வைத்தேன். நிமிர்ந்தால் மாமா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அன்றைக்குக் காது மெஷின் சத்தமே போடவில்லை. கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நாளைக்கு எங்கேயாவது போறியாம்மா?"

சைகையில் இல்லை என்றேன்.

"போனா, குட்டியை யார் பாத்துப்பா?"

"நீங்கதான் இருக்கீங்களே, மாமா."

அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். ஆனால் பதில் சொன்னார்.

"நான் எத்தனை நாளைக்கும்மா..."

மறுநாள் வேலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். ஐந்து இருபது. வீடு பூட்டியிருந்தது. மகள் எதிர்வீட்டு டீச்சரிடம். "தாத்தா விட்டுட்டுப் போனாரு, இப்ப வந்துடுவாராம்" என்றார் டீச்சர்.

ரேடியோவைத் திருகினேன்.

சத்தம் இல்லை.

பின்மூடியைக் கழற்றினேன். பேட்டரி இல்லை.

மூன்றுமே இல்லை.

தெருக்கோடிக் கடைக்கு ஓடினேன். கூட்டம். வாங்கித் திரும்பிவந்து போட்டபோது ஐந்தே முக்கால். நிஜத்தில் வானிலை முடிந்திருந்தது. நிழலில் வெறும் இரைச்சல். என் பெயரை வாசித்து முடித்திருப்பார்கள்! அழுகையோடு பையை எடுக்கத் திரும்பினேன்.

பை இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். மாமாவோடு வேலை பார்த்த வாட்ச்மேன் எனக்காகவே நிற்பதுபோல் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

மாமா மூன்றாவது துறைமேடையில், கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குவதுபோல. முகத்தில் வலியே இல்லை. காது மெஷின் காதில் இல்லை. எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

சட்டைப் பையில் மூன்று பேட்டரி இருந்தன.

பக்கத்தில் என் பை. ஜிப் திறந்திருந்தது. உள்ளே நீலச் சட்டை இல்லை. பேன்ட் இல்லை. பையைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. அன்றைக்கு மழை இல்லை.

"மாரடைப்பு" என்றார் டாக்டர். வயசாச்சு என்றார்கள் எல்லோரும். நானும் தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் இறுதிச் சடங்கு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வாட்ச்மேன் தனியாக வந்தார். வாசலிலேயே நின்றார்.

"இதைச் சொல்லலாமான்னு தெரியலைம்மா. பழக்கப்பட்டவர்னு உள்ளே விட்டேன். மேடையில கப்பலே கிடையாது, காலியாத்தான் இருந்துச்சு. ஆனா அஞ்சரை இருக்கும், அண்ணன் தண்ணியைப் பாத்து யார்கிட்டயோ பேசிட்டிருந்தாரு."

"என்ன பேசினார்?"

"'அவ பேரைத்தான் கூப்பிடுவீங்கன்னு தெரியும். அவளுக்குக் குழந்தை இருக்கு. அவளுக்குப் பதிலா நான் வந்தா போதாதா?' அப்படின்னாரு."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாரு. யாரோ பதில் சொல்ற மாதிரி. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, 'ஏண்டா, இன்னும் ஈரத்தோடயா நிக்கிறே, இந்தா'ன்னு பையைத் திறந்தாரு. கேட்டுல லாரி ஹாரன் அடிச்சுது, போய்த் திறந்துட்டு வந்து பாத்தா அவரு போயிட்டாரு." வாட்ச்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் காது கேக்காதவராச்சேம்மா... நான் பத்தடி தள்ளி நின்னு கத்தினேன், திரும்பவே இல்லை. ஆனா அந்தப் பக்கத்துல இருந்து பேசினது மட்டும் அவருக்கு எப்படிக் கேட்டுச்சு?"

அவர் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். மகள் அழுது களைத்து டீச்சர் வீட்டில் தூங்கிவிட்டாள். கடையில் வாங்கியதைக் கழற்றிவிட்டு, மாமாவின் சட்டைப் பையிலிருந்த அந்த மூன்று பேட்டரிகளையும் எடுத்து ரேடியோவில் போட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். மணி பார்த்தேன். ஐந்தரை ஆகப் போகிறது.

முள்ளை நிழலில் வைத்தேன்.

இரைச்சல்.

ஒரு இருமல்.

"...துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. நூறு மைல் தள்ளி..."

டக்... டக்.

"ஆட்கள் இருபத்து மூன்று."

"அனைவரும் நலம்."

குரல் நின்ற பிறகும் ரேடியோ நிற்கவில்லை. அந்த இரைச்சலுக்கு உள்ளே, வெகு தூரத்தில், கொசு பாடுவதுபோல்...

ஙீ...